இடப்பக்கத்து பெல்ட்

ஜூன் 3, செவ்வாய்

பதினோரு வருடம் கழித்து அந்தக் கார் இன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றது. இன்னும் கிளிப்பச்சை.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் கியரில் அது கொஞ்சம் செருமும். அப்பா காலத்திலும் செருமியது. கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனேன். யாரோ ஒரு டிரைவர் இறங்கி, சாவியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அந்தப் பெண் கிருபாகரனின் மகள் எமீமா. என் தம்பி மகள். கல்யாண வீடுகளில் தூரத்தில் பார்த்ததுதான். பதினெட்டு ஆகிவிட்டதாம்.

"பெரியப்பா, உள்ள வரலாமா?"

"நீ வரலாம். கார்ல உங்க அப்பா இருந்தா யோசிக்கணும்."

"நான் மட்டுந்தான் பெரியப்பா. வேணும்னா டிக்கியத் திறந்து காட்டவா?"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அதற்குள் என் மனைவி ரூபி சமையலறையிலிருந்து, "எமீ, தோசை ரெண்டா மூணா?" என்று குரல் கொடுத்தாள். நேற்றுத்தான் பார்த்த பிள்ளையிடம் கேட்பதுபோல. கொஞ்சம் உறுத்தியது.

விஷயம் இதுதான். எமீமாவுக்குப் போன மாதம் லைசென்ஸ் வந்துவிட்டது. இந்தக் காரை அவள் ஓட்ட வேண்டுமாம். அவள் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்.

"அப்பா என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

"'உங்க பெரியப்பா இதுக்குன்னே படிச்சவரு. அவரு பார்த்து சரின்னு சொன்னாத்தான் சாவி'ன்னாங்க."

"நக்கலா சொன்னானா?"

"இல்லை பெரியப்பா. சும்மாதான் சொன்னாங்க."

நக்கல்தான். இருபது வருடத்துக்கு முன் அப்பா சொன்ன வாக்கியத்தை எனக்கு ஞாபகப்படுத்துகிறான். காரை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது அப்பா சொன்னார்: "சாமுவேல் காரைப் பத்திப் படிச்சவன். கிருபாவுக்குக் கார் ஓட்டத் தெரியும்." எம்.ஈ. ஆட்டோமொபைலில் பல்கலைக்கழக ரேங்க் வாங்கிய பிள்ளையைப் பற்றி, விருந்தாளிகள் முன்னால். கார் அவனுக்குப் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா சாகும்வரை வெண்ணெய் நிறத்தில் வைத்திருந்த வண்டிக்கு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தப் பச்சையை அடித்தான். அன்றோடு பேச்சு நின்றது.

காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஐம்பது வருடத்துக்கு மேலான ஃபியட். நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறான். ஆனால் அந்தக் காலத்துக் கார் அந்தக் காலத்துக் கார்தான். சீட் பெல்ட் கிடையாது. சீட்டுக்கு மேலே தலையைத் தாங்க ஒன்றும் இல்லை. டாஷ்போர்டு விளிம்பு வெறும் தகரம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக்குக்கு ஒரே வழி. ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கும் போச்சு. இடப்பக்கம் கண்ணாடி இல்லை. ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது.

எமீமா கல்லூரி விட்டதும் வந்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு,

"பச்சை தூரத்துலயே தெரியும்லா பெரியப்பா. அதுவும் சேஃப்டிதானே?" என்றாள்.

நான் ஹெட்லைட்டைக் கழற்றத் தொடங்கினேன்.

அவளுக்கென்று மூன்று கோரிக்கை இருந்தது. பக்கத்து சீட்டுக்கும் பெல்ட் வேண்டும். அந்தப் பக்கக் கதவுக்கு மேலே பிடித்து இறங்க ஒரு கைப்பிடி வேண்டும். பின் சீட்டுக்கும் ஒரு பெல்ட்.

"பின்னால யாரு உட்காரப் போறா?"

"யாராவது உட்காருவாங்க."

"உங்க வீட்டுல இருக்கது மூணு பேரு. அதுல உங்க அம்மா திங்கள் காலையில கோவில்பட்டிக்கு வேலைக்குப் போனா சனிக்கிழமைதான் வாரா. முன்னால ரெண்டு போதும்."

முகம் வாடிவிட்டது. தேவையில்லாத இடத்தில் காரைத் துளைப்பது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் ஆராதனைக்குப் போனேன். முதல் ஆராதனை அவர்களுடையது. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, அப்படியே அமைந்துவிட்டது. எங்கள் சபையில் இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பங்கள் நான்கைந்து உண்டு. காலை ஏழு மணிக்குக் கும்பிடுகிற தம்பி, ஒன்பது மணிக்குக் கும்பிடுகிற அண்ணன். ஆண்டவருக்கும் இது பழகியிருக்கும்.

வெளியே வரும்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியின் பிரின்சிபால் கைகொடுத்தார். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர். "சார், பழைய கார் ரிப்பேர்ல இறங்கிட்டீங்களாமே, ரிட்டயர்மென்ட் பிளானா?" என்றார். இன்னும் ஏழு வருடம் இருக்கிறது எனக்கு. இதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

பெல்ட்டை வெறும் தகரத்தில் மாட்டினால் இழுக்கிற வேகத்தில் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே இரண்டு கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணிலும் தரையிலும் கனமான இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். சுபேர் பாய் பட்டறையில் முழுநாள் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் கலரு யாரு சார் புடிச்சது?" என்றார் பாய்.

"என் தம்பி."

"மல்லாந்து படுத்தா கண்ணுக்குள்ளயே நிக்கி."

அவருக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 14, சனி

பிரேக் வேலை. முன் சக்கரங்களுக்குத் தனி வழி, பின் சக்கரங்களுக்குத் தனி வழி. ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். எமீமா பழைய சுடிதாரோடு காருக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தாள். காற்றை வெளியேற்ற ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே நட்டைத் திருக வேண்டும். நான் மிதித்தேன். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்று கீழேயிருந்து என்னை ஏவினாள். ஒரு தடவை அவள் சொல்வதற்கு முன்னால் மிதித்துவிட்டேன். எண்ணெய் அவள் முகத்தில் பீய்ச்சியது.

"பெரியப்பா! ரேங்க் வாங்குனது எதுல?"

ரூபி ஜன்னலில் நின்று சிரித்தாள். ஓடிப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து அவள் கண்ணைக் கழுவிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளை கிடையாது, இதெல்லாம் பழக்கமில்லை.

அவன் அவள் வழியாக அனுப்பிய செய்தியும் வந்தது. இப்போது இப்படித்தான் நடக்கிறது. அவன் சொல்வான், அவள் வந்து சொல்வாள், நான் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள்.

"டயரும் மாத்தணுமான்னு அப்பா கேக்காங்க."

"கண்ணு இருந்தா பார்க்கச் சொல்லு. வெடிச்சுப் போய்க் கிடக்கு."

"'மாத்துனா நல்லதுன்னு பெரியப்பா சொன்னாங்க'ன்னு சொல்லிரவா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"பத்து நாளா நீங்க ரெண்டு பேரும் சொல்லுததை எல்லாம் இப்படித்தான் கொண்டு போறேன் பெரியப்பா. அப்படியே கொண்டு போனா இந்நேரம் கார் தாமிரபரணியில கிடக்கும்."

ஜூன் 19, வியாழன்

டிரைவர் பெல்ட் மாட்டியாயிற்று. எமீமா அளவுக்கு. இது தானாக இழுத்துச் சுருளும் புதுவகை அல்ல. ஆளுக்குத் தக்கபடி நீளம் வைத்து, மீதியை மடித்துத் தைத்துவிட வேண்டும்.

இடப்பக்கத்து பெல்ட்டுக்கு அளவு கேட்டேன். "யாரு உட்காருவா? உயரம் என்ன?"

"உங்க உயரம்தான் பெரியப்பா."

நானே உட்கார்ந்து என் அளவுக்கு வைத்தேன். சிறு வயதில் எங்கள் இருவருக்கும் ஒரே அளவில்தான் சட்டை எடுப்பார்கள். எனக்குச் சரியாக இருந்தால் அந்த சீட்டில் யார் உட்கார்ந்தாலும் சரியாக இருக்கும்.

பெல்ட் இடது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காக இறங்குகிறது. இடப்பக்கத்து சீட்டென்றால் அப்படித்தான் வரும். எமீமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் இடது தோளெலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "இங்க அழுத்துமா பெரியப்பா? ஒரு மெத்தை மாதிரி வச்சுத் தைக்கலாமா?" என்றாள்.

பெல்ட்டுக்கு மெத்தை. உங்க அப்பா என்ன பூவில் செய்தவனா என்று கேட்டுவிட்டேன். ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பம்பரைக் கழற்றினேன். இடது முன்மூலையில் அடி. உள்ளே தட்டி நிமிர்த்தி, மேலே பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார்கள். புதுப் பெயின்ட். கேட்டதற்கு, "கேட்டுல இடிச்சிருச்சு" என்றாள் எமீமா, என் முகத்தைப் பார்க்காமல்.

கேட் அல்ல. ஒற்றைத் தூண். மின்கம்பமோ மரமோ. இருபத்தாறு வருடமாக மோதல்களைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். பிரேக் பிடித்தபடி மோதினால் வண்டி முன்பக்கம் தாழும். அடி பம்பருக்கு மேலே விழும். இது பம்பரின் நடுவிலேயே, நேர்மட்டமாக விழுந்திருக்கிறது. ஓட்டியவன் பிரேக்கைத் தொடவே இல்லை. வேகம் அதிகமில்லாததால் பிழைத்தான்.

எமீமா அப்போது பக்கத்து சீட்டில் இருந்திருந்தால்? பெல்ட் இல்லாத சீட்டில்?

இருந்திருக்கிறாள். டாஷ்போர்டின் தகர விளிம்பு இடப்பக்கம் லேசாக நெளிந்திருக்கிறது. அவள் இடது முழங்காலில் ஒரு தழும்பு. எண்ணெய் கழுவிய அன்று சுடிதாரை மடித்துவிட்டிருந்தாள், அப்போது பார்த்தேன்.

போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பான். கார் ஓட்டத் தெரிந்தவன்! தீர்மானித்துவிட்டேன். சரி என்று சொல்ல மாட்டேன். இந்தக் கார் யாருக்கும் உதவாது என்று சொல்லி உடைக்கக் கொடுக்கச் சொல்வேன். என் வாயால் ஒரு வார்த்தை போதும். அவன்தானே என்னிடம் விட்டான்.

கை கழுவும்போது ரூபியிடம் கத்தினேன். "பிரேக்கே போடல ரூபி! புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு பிரேக்கக்கூடப் போடல!"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பிரேக் போட முழிப்பு இருக்கணும்லா" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

வேலை ஒன்றும் செய்யவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை.

ஜூன் 26, வியாழன்

இடப்பக்கத்து பெல்ட்டுக்கு மெத்தை தைக்கக் கொடுத்தேன். தோளெலும்புக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. நல்ல பஞ்சு.

ஜூன் 29, ஞாயிறு

ரூபிக்கு முழங்கால் வலி. வெயில் ஏறினால் நடக்க முடியாது, முதல் ஆராதனைக்கே போய்விடலாம் என்றாள். முதல் ஆராதனைக்கும் இரண்டாம் ஆராதனைக்கும் நடுவில் முழங்கால் எப்படி வித்தியாசப்படும் என்று நான் விவாதிக்கவில்லை.

கடைசியிலிருந்து மூன்றாம் வரிசையில் அவன். நான் தூணுக்குப் பின்னால். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. எமீமா எழுந்து நின்று, ஒரு கையால் பாட்டுப் புத்தகத்தையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்திருந்தாள். அவன் சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது.

எங்கள் இருவரில் அவன்தான் நன்றாகப் பாடுவான்.

திரும்பி வரும் வழியில் ரூபி தானாகவே சொன்னாள். ஏப்ரலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிட்டானாம். இதயத் துடிப்பு நடுநடுவே நின்று நின்று வந்ததாம். துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அன்றிலிருந்து ஆராதனைக்குத் தவிர வீட்டை விட்டு இறங்குவதில்லை. அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். ஆட்டோவில் ஏறினால் வேர்த்துவிடுகிறது. செக்கப்புக்கு இரண்டு முறை போகவில்லை. "அப்பா கார்ல எமீ ஓட்டுனா வாரேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பிதான் சத்தியம் வாங்குனாங்க. 'அண்ணன் இரக்கப்பட்டு வர வேண்டாம். வந்தா காரைப் பார்க்க வரட்டும்'னாங்க."

முழங்காலைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜூலை 2, புதன்

எமீமாவை புறவழிச்சாலைக்கு ஓட்டச் சொன்னேன். நான் இடப்பக்கத்து சீட்டில். நன்றாக ஓட்டுகிறாள். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் கியரை அவன் போடுகிற மாதிரியே விரல் நுனியால் போடுகிறாள்.

ஆளில்லாத இடத்தில், நாற்பது வேகத்தில், திடீரென்று பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். கார் நேராக, இழுக்காமல் நின்றது. பெல்ட் என்னைப் பிடித்து நிறுத்தியது. மெத்தை இருந்தும் அந்த இடத்தில் ஒரு குத்து இருந்தது. இன்னொரு முறை மிதிக்கச் சொன்னேன். மறுபடி. மறுபடி. பெல்ட்டின் மேல்முனையை இரண்டு அங்குலம் வெளியே தள்ளினால் அந்த இடத்தைத் தொடாமல் போகும் என்று தோன்றியது.

"உங்களுக்கு வலிக்கலையா பெரியப்பா?"

"ஓட்டு."

சுபேர் பாயிடம் போய்த் தகட்டை வெட்டி மாற்றி வைத்தோம். "மொதல்லயே சரியாத்தான சார் இருந்துச்சு?" என்றார். அளவு மாறிவிட்டது என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

இதை நேர்மையாக எழுதிவிட வேண்டும். என்ன செய்தாலும் இது புதுக் கார் ஆகாது. பெரிதாக மோதினால் இதன் உடம்பு அடியை வாங்கிக்கொள்ளாது. எமீமாவிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னேன்.

"உங்க அப்பாகிட்டச் சொல்லு. ஊருக்குள்ள மட்டும். நாற்பதுக்கு மேல போகக் கூடாது. மழையில எடுக்கக் கூடாது. பெல்ட் போடாம சாவியத் திருகக் கூடாது."

"அப்போ சரியா பெரியப்பா?"

"சரின்னு சொல்லு."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் கிரீஸ். வெள்ளைச் சட்டை போச்சு.

"'உங்க அண்ணன் சரின்னு சொல்லிட்டாங்க'ன்னு அப்படியே சொல்லுதேன். இதுல ஒண்ணும் மாத்த மாட்டேன்."

ஜூலை 5, சனி

செக்கப். எமீமா என்னையும் கூட வரச் சொன்னாள். முதல் ஓட்டத்தில் வண்டி எப்படிப் போகிறது என்று பார்ப்பது முறை; அதனால் போனேன். நானும் அவளுமாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். எமீமாவின் அம்மா ஸ்டெல்லா அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். "நான் பஸ்ல பின்னாலயே வாரேன் அத்தான், நீங்க மூணு பேரும் போங்க" என்றாள். எங்கள் இருவரையும் ஒரே காரில் ஏற்றியதில் அவளுக்கும் பங்கு உண்டு என்று இப்போது தெரிகிறது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தான். டயரைப் பார்த்தான். கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தான். பெல்ட்டை இழுத்து மாட்டினான்.

பெல்ட் அவன் மேல் தொங்கியது. ஒரு கை நுழைகிற அளவுக்கு.

என் அளவுக்குத் தைத்தது. எனக்குச் சரி என்றால் அவனுக்கும் சரி என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். அவன் உடம்பில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கதவருகே முட்டிபோட்டு உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். பல்லால் நூலைக் கடித்தேன். இழுத்துக் குறைத்து, ஸ்டெல்லாவிடம் ஊசி நூல் வாங்கித் தைத்தேன். சரிபார்க்கும்போது என் புறங்கை அவன் தோளுக்குக் கீழே பட்டது. தோலுக்கு அடியில் தீப்பெட்டி மாதிரி ஒன்று. அவன் விலகவில்லை. நானும் கையை உடனே எடுக்கவில்லை.

"எமீ, பெரியப்பாகிட்டச் சொல்லு. ரொம்ப இறுக்க வேண்டாம்னு."

"எமீ, உங்க அப்பாகிட்டச் சொல்லு. பெல்ட்டுன்னா இறுக்கமாத்தான் இருக்கும்னு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு?" என்றாள் அவள்.

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். முருகன்குறிச்சி தாண்டியதும் ஒரு ஆட்டோக்காரன் சிக்னல் போடாமல் குறுக்கே திரும்பினான். எமீமா மிதித்தாள். பிரேக் சொன்னபடி பிடித்தது. முன்னால் இருந்த இருவரையும் பெல்ட் பிடித்தது. என்னைப் பிடிக்க ஒன்றும் இல்லை. நானே வாங்கி முன் சீட்டில் மாட்டிய தலைதாங்கியில் என் நெற்றி போய் மோதியது. மூக்குக்கண்ணாடி எங்கேயோ விழுந்தது.

"அண்ணே!"

பெல்ட்டுக்குள்ளேயே திமிறித் திரும்பிவிட்டான். "அண்ணே, அடி பட்டிருச்சா? எங்க, காட்டு. எமீ, ஓரமா நிறுத்து. நிறுத்துடி!"

"ஒண்ணுமில்லடே. ஒண்ணுமில்ல. நீ திரும்பாத, அங்க அழுத்தும்."

"ரத்தம் வருதா?"

"இல்லடே."

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தம் இல்லை என்று உறுதியான பிறகுதான் கோபம் வந்தது அவனுக்கு. "ஊருக்கெல்லாம் பெல்ட் மாட்டத் தெரிஞ்சுது. உனக்கு ஒண்ணு மாட்டத் தெரியல. என்ன படிச்ச நீ?"

"பின்னாலயும் ஒண்ணு போடுங்கன்னு மொதல்லயே சொன்னேன் பெரியப்பா" என்றாள் எமீமா. அவள் குரல் சரியாக இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு டிரைவர் கண்ணாடியில் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவன் காரின் கூரையில் கையை வைத்து நின்றான்.

"அண்ணே, பெயின்ட் மங்கிட்டு. இந்தத் தடவை பழைய கலரே அடிச்சிருவமா? வெண்ணெய்க் கலரு?"

"பச்சைதான் தூரத்துலயே தெரியும்" என்றேன். "எமீமா ஓட்டுத வண்டி. பச்சையே இருக்கட்டும்."

ஜூலை 6, ஞாயிறு

முதல் ஆராதனை. நெற்றியில் வீக்கம். பிரின்சிபால் இரண்டாம் ஆராதனைக்காரர், நல்லவேளை.

ஜூலை 7, திங்கள்

மூன்றாவது பெல்ட் வாங்கினேன். சுபேர் பாய் தகடு வைத்துக் கொடுத்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார்.

இடப்பக்கம் மாட்டினால் வழியெல்லாம் அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வலப்பக்கம், எமீமாவுக்குப் பின்னால் என்றால், அவன் கழுத்தை லேசாகத் திருப்பினாலே போதும், முகம் தெரியும், பெல்ட்டும் அந்த இடத்தில் அழுத்தாது. வலப்பக்கம் மாட்டச் சொன்னேன். என் அளவுக்குத் தைத்தாயிற்று.

சாயங்காலம் எமீமா வந்து பார்த்தாள். "இது யாருக்கு பெரியப்பா?"

"யாராவது உட்காருவாங்க" என்றேன்.